மேல்மலை, நகரம், கீழ்மலை: கொடைக்கானலில் யாருக்கு என்ன கிடைக்கிறது?

கொடைக்கானல் ஒன்றியத்தில் வெள்ளகெவி என்று ஓர் ஊராட்சி இருக்கிறது. வட்டக்கானல் அதற்குள்தான் வருகிறது. வார இறுதிகளில் வட்டக்கானலில் தங்க அறை கிடைப்பது கடினம். டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதையில் ஆளோடு ஆள் உரசிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அந்த வழியே காட்டுக்குள் இன்னும் கீழே இறங்கிக்கொண்டே போனால் வெள்ளகெவி ஊர் வரும். 1821இல் பி.எஸ்.வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இந்த மலையை அளக்க ஏறியபோது முகாமிட்டிருந்தது இங்கேதான். கொடைக்கானல் என்ற நகரம் அப்போது பிறக்கவே இல்லை. அமெரிக்கப் பாதிரியார்கள் வந்து வீடு கட்டியது 1845இல்.

அவ்வளவு பழைய ஊருக்குத் தலைமுறை தலைமுறையாக ஒற்றையடிப் பாதைதான் வழி. அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் குதிரை முதுகிலோ ஆள் தோளிலோ வந்து சேரும். பிரசவ வலி கண்டவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் கம்பில் போர்வையைக் கட்டி டோலியில் தூக்கிப் போவார்கள். அதே ஊராட்சியைச் சேர்ந்த சின்னூர், பெரியூர் மக்களுக்குப் பெரியகுளம் பக்கம் இறங்குவதுதான் வழி. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அதுவும் அடைபடும். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார்களும் பெரியகுளம் அடிவாரத்திலிருந்து டோலியில்தான் கொடைக்கானலுக்கு ஏறினார்கள். மோட்டார் சாலை வந்ததும் அவர்களுடைய டோலி ஒழிந்தது. இந்த ஊர்களின் டோலி ஒழியவில்லை.

இப்போது வெள்ளகெவி ஊராட்சியின் வாழ்க்கைத் தரத்தை ஒரே எண்ணில் சொல்லுங்கள் என்றால் என்ன சொல்வது? வட்டக்கானலின் விடுதி வருமானத்தையும் சின்னூரின் டோலியையும் கூட்டி வகுத்தால் வரும் சராசரி, இரண்டு ஊரிலும் யாருடைய வாழ்க்கையையும் சொல்லாது.

ஒன்றிய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2020ஆம் ஆண்டுக்கான ‘எளிதாக வாழ்தல் குறியீடு’ என்ற பட்டியலை 111 நகரங்களுக்கு வெளியிட்டது. வாழ்க்கைத் தரத்துக்கு 35 சதவீதம், மக்களின் கருத்துக்கு 30, நிலைத்தன்மைக்கு 20, பொருளாதார வலுவுக்கு 15 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டிருந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் சென்னைக்கு நான்காம் இடம், கோவைக்கு ஏழாம் இடம். பத்து லட்சத்துக்குக் கீழே முதலிடம் பிடித்தது சிம்லா. அது ஒரு மலை நகரம் என்பதால், மலையில் வாழ்வது எளிதுதான் என்று முடிவுகட்டத் தோன்றும். கொடைக்கானல் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தாலும் நகராட்சி எல்லையோடு கணக்கு நின்றிருக்கும்.

சென்னைக்குள் அண்ணாநகரும் வியாசர்பாடியும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வியாசர்பாடிக்காரர் பஸ் ஏறினால் சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குச் சீக்கிரம் போய்விடலாம். பெருநகரத்தில் வசதி ஓரிடத்தில் குவிந்திருந்தாலும், மற்ற இடத்துக்காரர்கள் அதைப் போய்த் தொட முடியும். மலையில் அந்த வாய்ப்பு சுருங்கிப்போகிறது. சாலை, சரிவு, பனி, மழை ஆகிய நான்கும் சேர்ந்து ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தூரத்தை விதிக்கின்றன. கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரில் வாழ்க்கைத் தரத்தை ரூபாயில் அளப்பதைவிட மணி நேரத்தில் அளப்பதுதான் நியாயம்.

மலைக்காரர்கள் தங்கள் மலையை மூன்றாகப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, போளூர் இவை மேல்மலை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூலத்தூர், கே.சி.பட்டி, பாச்சலூர் இவை கீழ்மலை. நடுவே ஏரியைச் சுற்றி நகரம்.

நகரத்துக்குள்ளேயே எத்தனை நகரம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியில் 36,501 பேர் வாழ்ந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தது நீதிமன்றம். வண்டிக்கு நான்கு பேர் என்று வைத்தாலும் வரம்புக்கு உட்பட்டே ஒரு சனிக்கிழமை 24,000 பேர் ஏற முடியும். அதாவது ஊரின் மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு. அவர்கள் குளிக்கும் தண்ணீர், விட்டுப்போகும் குப்பை, அடைக்கும் சாலை எல்லாமே இந்த முப்பத்தாறாயிரம் பேரின் பங்கிலிருந்துதான் கழிகின்றன.

கழிவது எல்லா வார்டிலும் ஒரே அளவில் அல்ல. அப்சர்வேட்டரி பகுதியிலுள்ள பழைய அணையும் மனோரஞ்சிதம் அணையும் நகரத்தின் குடிநீர் ஆதாரங்கள். குண்டாறு திட்டத்திலிருந்தும் தண்ணீர் வருகிறது. கோடையில் இவை இறங்கும்போது, பெரிய தொட்டியும் லாரித் தண்ணீருக்குப் பணமும் உள்ள விடுதி சமாளித்துக்கொள்ளும். நாயுடுபுரத்திலோ ஆனந்தகிரியிலோ சரிவில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கும் வாடகை வீடுகளில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களின் காலை நேரம் இதில்தான் கரைகிறது. வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விட்டால் மாத வாடகையை இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடலாம் என்னும்போது, உள்ளூர்க் கூலிக்காரருக்கு மாத வாடகையில் வீடு கொடுக்க யார் முன்வருவார்கள்? விடுதியில் பாத்திரம் துலக்குகிறவரும், ஏரிச்சாலையில் சோளம் சுடுகிறவரும், குதிரை பிடிக்கிறவரும் மேலும் மேலும் சரிவின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறார்கள்.

கட்டடங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாமல் இல்லை. 1993ஆம் ஆண்டின் மாஸ்டர் பிளான் இருக்கிறது. அதை மீறிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின் பேரில் 2019இல் சீல் வைத்தார்கள். கால் நூற்றாண்டு காலம் கண்முன்னே எழும்பியவை அவை. அன்றன்றே தடுத்திருந்தால் அவற்றில் வேலை செய்தவர்களின் பிழைப்பு ஒரே நாளில் போயிருக்காது.

குப்பைக் கதையும் இப்படித்தான். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி விதிக்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் ஏரியைச் சுற்றிப் பெருக்கி அள்ளிய குப்பை மறைந்துபோவதில்லை. அது பிரகாசபுரம் கிடங்குக்குப் போகிறது. ஏரிக்கரையின் சுத்தத்துக்கு உரிய விலையை அந்தப் பக்கத்துச் சரிவும் அதற்குக் கீழே ஓடும் தண்ணீரும் கொடுக்கின்றன.

மழை பெய்தும் வறளும் மலை

ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் ஊரில் கோடையில் ஏன் தண்ணீர்ப் பஞ்சம்? காரணத்தின் ஒரு பகுதி நகரத்துக்கு வெளியே இருக்கிறது. இந்த மலையின் உச்சிப்பகுதி சோலைக்காடும் புல்வெளியும் கலந்தது. புல்வெளி மழையை மெல்ல உள்வாங்கி, மழை நின்ற பிறகும் ஓடைகளுக்கு விட்டுக்கொண்டிருக்கும். 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டதாகக் காட்டியது. சவுக்கு என்று உள்ளூரில் சொல்லும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் ஆகிய மரத் தோட்டங்கள் அதே காலத்தில் 18 சதுர கிலோமீட்டரிலிருந்து 217 சதுர கிலோமீட்டராகப் பரவியிருந்தன. பச்சையாகத் தெரிவதால் பயணிகள் அதையும் காடு என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மரங்கள் நிற்கும் இடத்துக்குக் கீழே ஊற்று வற்றிப்போனது, குடம் தூக்கிப் போன பெண்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

இந்த மலையின் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் மலையில் மட்டும் இல்லை. பேரிஜம் ஏரித் தண்ணீரும் சோத்துப்பாறை அணைத் தண்ணீரும் பெரியகுளத்துக்குப் போகின்றன. வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு அணைகள் பழனி வட்டாரத்து வயல்களுக்குப் பாய்கின்றன. மேலே ஒரு புல்வெளி போனால் கீழே ஒரு பாசனக் கணக்கு மாறுகிறது.

மேல்மலைக்காரரின் ஒரு நாள்

பூம்பாறையின் அடுக்குத் தோட்டங்களைப் பார்க்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. அங்கே விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பூண்டு விலைபோவது மலையில் அல்ல, பெரியகுளத்துக்கு அருகே வடுகபட்டிச் சந்தையில். கேரட்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் அப்படியே லாரி ஏறிக் கீழே இறங்குகின்றன. லாரி வாடகை, கமிஷன், ஏற்று இறக்குக் கூலி போகத்தான் விவசாயிக்கு. சாலை ஒரு நாள் அடைபட்டால் காய்கறி அழுகும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையையும் விடவில்லை. மரங்கள் சாலையில் விழுந்து மேல்மலைக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டு, நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன.

கிளாவரை கொடைக்கானலிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் 108 ஆம்புலன்ஸ் உடனே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அங்கே முடியாத சிகிச்சைக்குத் தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ, திண்டுக்கல்லுக்கோ, 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரைக்கோ மலை இறங்க வேண்டும். மாரடைப்புக்கு முதல் ஒரு மணி நேரம்தான் உயிர் காக்கும் நேரம் என்கிறது மருத்துவம். கிளாவரைக்காரருக்கு அந்த நேரம் மலைச்சாலையிலேயே முடிந்துவிடும். சீசனில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் கார்கள் வரிசையாக நிற்கும் நாளென்றால் நகரத்தில் இருப்பவருக்கும் அதே கதிதான். இ-பாஸை வியாபாரத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். ஆம்புலன்ஸ் போக வழி கிடைப்பதோடும் அதைச் சேர்த்துப் பேச வேண்டும்.

கல்வியிலும் இந்த இடைவெளி உண்டு. 1901இல் தொடங்கிய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளிக்கு உலகின் பல நாடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பெண்களுக்கென்றே 1984இல் உருவான அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அட்டுவம்பட்டியில் இருக்கிறது. ஆனால் மேல்மலையின் கடைசி ஊரில் பிறந்த பெண், தினமும் போய்வர முடியாத தூரத்தால் விடுதியில் தங்கித்தான் அங்கே படிக்க முடியும்.

கீழ்மலை

காபி, மிளகு, மலைவாழை என்று பணப்பயிர் விளையும் பூமி இது. 2008இல் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாச்சி மலைவாழை இந்தச் சரிவுகளுக்கும் உரியது; முடிக்கொத்து நோய் வந்து அழித்த தோட்டங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நகரத்திலும் மேல்மலையிலும் பயம் காட்டுமாடு என்றால் இங்கே யானை. இருட்டிய பிறகு வெளியே போவதே ஒரு தீர்மானம். கீழ்மலைக்காரர் சாமான் வாங்க வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ இறங்குவார். தாலுகா ஆபீஸ் மட்டும் மேலே கொடைக்கானலில். சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் பாச்சலூரிலிருந்து சுற்றிக்கொண்டு ஏறினால் அன்றைய கூலி போயிற்று.

பளியர் குடியிருப்புகளின் நிலை இன்னும் ஒரு படி கீழே. இந்த மலையின் மிகப் பழைய குடிகள் அவர்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்கள் வாழும் நிலத்துக்கு உரிமை தரச் சொல்கிறது. 2013இல் 609 சதுர கிலோமீட்டர் பரப்பில் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, எந்தச் சாலைக்கும் மின்கம்பத்துக்கும் வனத்துறை அனுமதி தேவைப்படும் இடங்கள் கூடிவிட்டன. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் காட்டுக்குள் குடிசைக்கு மின்சாரம் கேட்பவரின் மனு, காட்டோரம் விடுதி கட்டுபவரின் மனுவைவிட நீண்ட காலம் காத்திருக்கக் கூடாது.

மறுபடியும் நகரத்துக்குத் திரும்பினால், அதன் கணக்கில் இன்னொரு பாக்கியும் உண்டு. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை 1980களில் பெயர்த்தெடுத்துக் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. பாண்ட்ஸ் நிறுவனத்திடமிருந்து பின்னர் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது 2001இல் தெரியவந்ததும் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல்தான். ஆலை நின்ற மேட்டிலிருந்து தண்ணீர் பாம்பாறு சோலை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. காற்று சுத்தமான ஊர் என்று பெயரெடுத்த இடத்தில், வேலைக்குப் போனதாலேயே உடம்பு கெட்டது என்று ஒரு தலைமுறை பதினைந்து ஆண்டு போராட வேண்டியிருந்தது. எந்தக் குறியீட்டில் இது ஏறும்?

இந்த மலைக்குத் தேவையான அளவீடு பெரிய ஆராய்ச்சி அல்ல. நகராட்சியின் 24 வார்டுகள், ஒன்றியத்தின் 15 ஊராட்சிகள், பண்ணைக்காடு பேரூராட்சி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மூன்று கேள்விகள் போதும். 108க்கு அழைத்த நிமிடத்திலிருந்து மருத்துவர் கைபடும் வரை எவ்வளவு நேரம்? ஏப்ரல், மே மாதங்களில் எத்தனை நாள் குழாயில் தண்ணீர் வந்தது? பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்? இதற்கான பதிவேடுகள் ஆம்புலன்ஸ் சேவையிடமும் நகராட்சியிடமும் பள்ளிகளிடமும் இருக்க வேண்டியவைதான். ஊர்வாரியாகப் பிரித்து ஒரே பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும். குக்கிராமங்கள் உள்ள ஊராட்சிகளில் குக்கிராமம் வாரியாகவும் எழுத வேண்டும். இல்லையென்றால் சின்னூர் மறுபடியும் வட்டக்கானலுக்குள் மறைந்துவிடும்.

கேட்பதற்கு இடமும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். மலையில் ஊற்றுகள் இளைக்கும் சமயம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர ஊர் மக்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த மூன்று கேள்விகளையும் தீர்மானமாக எழுதி, தனி அலுவலரிடம் கையெழுத்து வாங்கி, நகலை வைத்துக்கொள்ளலாம்.