ஊருக்கு ஒரு டேங்க், வீட்டுக்கு ஒரு டேங்க்

ஹைதராபாத்தில் ஆட்டோக்காரரிடம் ‘டேங்க்’ என்று மட்டும் சொல்லி ஏறிவிட முடியாது. டேங்க் பண்டா, மாசப் டேங்க்கா என்று கேட்பார். முதலாவதில் தண்ணீர் இருக்கிறது. இரண்டாவதில் பெயர் மட்டுமே மிச்சம்.

அன்று டேங்க் என்றால் ஏரி. ஏரி, குளம், கண்மாய் என்று நாம் வகை பிரித்துச் சொன்னதையெல்லாம் வெள்ளைக்காரர்கள் இந்த ஒற்றைச் சொல்லில் அடக்கினார்கள். குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர்த்தொட்டிக்கு இதே சாயலில் சொற்கள் உண்டு. போர்த்துக்கீசிய மொழியிலும் உண்டு. எது எதற்கு மூலம் என்பதில் அகராதிக்காரர்களின் பஞ்சாயத்து இன்னும் ஓயவில்லை.

ஹைதராபாத்தின் ஹுசேன் சாகர் ஏரி 1560களில், சுல்தான் இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்தில் உருவானது. 1591இல் எழுந்த சார்மினாருக்கு அது மூத்தது. ஏரிக்கு வடக்கே ஆங்கிலேயப் படை முகாமிட்ட இடம் 1806இல் செகந்திராபாத் ஆயிற்று. இரண்டு ஊர்களையும் இணைத்த ஏரிக்கரைதான் டேங்க் பண்ட். 1946இல் திவான் சர் மிர்ஸா இஸ்மாயில் அதை அகலப்படுத்தினார். சென்னை நுங்கம்பாக்கத்திலும் ஒரு டேங்க் பண்ட் ரோடு உண்டு, ஏரிதான் இல்லை.

மாசப் டேங்க், ‘மா சாஹேபா’ என்று மக்கள் அழைத்த குதுப் ஷாஹி அரசி ஹயாத் பக்ஷி பேகத்தின் குளம். பெயர் தேய்ந்து ‘மாசப்’ ஆனது. குளம் தூர்ந்து பூங்கா ஆனது.

இதற்கிடையே சொல் போருக்கும் போய்வந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டன் கவச வண்டி செய்தபோது, ரகசியம் காக்க அதைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று அது பிரான்சின் சோம் போர்க்களத்தில் இறங்கியபோதும் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஹைதராபாத்தில் சொல்லின் பொருளை மாற்றியது குழாய். 1908இன் மூசி ஆற்று வெள்ளத்துக்குப் பின் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன; குடிநீர் அங்கிருந்து வந்தது. ஹுசேன் சாகருக்குக் குகட்பள்ளி நாலா என்ற ஓடையின் கழிவு வந்து சேர்ந்தது. இன்று ‘டேங்க் காலி’ என்றால் யாரும் ஏரியைப் பார்ப்பதில்லை. மொட்டைமாடியின் கறுப்பு சின்டெக்ஸைத்தான் பார்க்கிறார்கள். அதுவும் வறண்டால் டேங்கர் லாரிக்கு போன் போகிறது. ஊருக்கே பொதுவாக இருந்த டேங்க், வீட்டுக்கொன்றாகச் சுருங்கிவிட்டது.

ஆனால் பழைய பொருள் அரசுக் காகிதத்தில் உயிரோடு இருந்தது: எஃப்.டி.எல்., அதாவது ‘ஃபுல் டேங்க் லெவல்’. ஏரி நிரம்பினால் நீர் எட்டும் எல்லை அது. ஹுசேன் சாகருக்கு 513.41 மீட்டர். பெரிய ஏரிகளுக்கு அந்த எல்லையைத் தாண்டி இன்னும் 30 மீட்டர் வரை கட்டடம் எழுப்பக் கூடாது. 2024இல் ஹைட்ரா என்ற அமைப்பு தொடங்கப்பட்டு, ஏரிக்குள் எழுந்த கட்டடங்களை புல்டோசர் இடிக்கத் தொடங்கியதும், வக்கீல்களும் புரோக்கர்களும் மட்டும் புழங்கிய இந்த மூன்றெழுத்து வீட்டுப் பேச்சுக்கு வந்துவிட்டது.

முன்பு ஃப்ளாட் வாங்கப் போனவர் ‘டேங்க் எத்தனை லிட்டர்?’ என்று விசாரிப்பார். இப்போது, ‘இந்த இடம் எஃப்.டி.எல்.லில் வருதா?’ என்பதுதான் முதல் கேள்வி. டேங்க்கைத் தூர்த்துக் கட்டிய வீட்டுக்கு டேங்கரில் தண்ணீர் வாங்கும் ஊரில், அந்தக் கேள்வி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்திருக்கிறது.