வாசனை மெழுகுவர்த்தி செய்யப் போறீங்களா? திரியைக் கவனிங்க!

வீட்டிலேயே வாசனை மெழுகுவர்த்தி செய்து விற்கும் பெண்கள் இன்று நிறையப் பேர். மெழுகு, வாசனை எண்ணெய், கண்ணாடி ஜாடி என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குபவர்கள்கூட, திரியை மட்டும் கையில் கிடைத்ததைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் வாசனை வீடு முழுக்கப் பரவுவதும், ஜாடி விரிசல் விடாமல் இருப்பதும் திரியின் கையில்தான் இருக்கிறது.

மெல்லிய திரி என்றால்...

உருகிய மெழுகைத் திரி உறிஞ்சி மேலே அனுப்ப, அது ஆவியாகி எரிகிறது. உருகிய பரப்பிலிருந்துதான் வாசனை கிளம்பும். திரி மெலிதாக இருந்தால் நடுவில் மட்டும் குழி விழும். ஓரத்து மெழுகு உருகாமல் வீணாகும். சில சமயம் சுடரே மெழுகில் மூழ்கி அணைந்துவிடும்.

தடித்த திரி என்றால்...

சுடர் உயர்ந்து ஆடும். புகையில் ஜாடியின் வாய் கறுக்கும். திரி நுனியில் காளான்போலக் கரி சேரும். கண்ணாடி அதிகம் சூடாகி விரிசல் விடும் ஆபத்தும் உண்டு.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

* ஜாடியின் உள்விட்டத்தை அளந்து, திரி விற்பவர் தரும் அளவு அட்டவணையைப் பாருங்கள். ஜாடி மிக அகலமென்றால் இரண்டு திரிகள் வைக்கலாம்.

* சோயா மெழுகுக்குப் பெரும்பாலும் பாரஃபினைவிடத் தடித்த திரி தேவைப்படும். வாசனை எண்ணெயை மாற்றினால் திரியின் அளவும் மாறலாம்.

* அகல் விளக்கின் பஞ்சுத்திரி இதற்கு ஒத்துவராது. பின்னிய பருத்தித் திரியே நல்லது.

* கம்பி வைத்த திரி என்றால் ஈயம் இல்லை என உறுதி செய்யுங்கள். ஈயக் கம்பித் திரிக்கு அமெரிக்கா 2003-லேயே தடை விதித்துவிட்டது.

எரித்துப் பார்த்தே விற்கணும்!

ஒரே ஜாடி, ஒரே மெழுகு, ஒரே வாசனையில் மூன்று அளவுத் திரிகள் போட்டுச் சோதியுங்கள். திரியை 6 மி.மீ. உயரத்துக்கு வெட்டி, காற்று வீசாத இடத்தில், பக்கத்திலேயே இருந்து எரியவிடுங்கள். ஏழரை செ.மீ. அகல ஜாடி என்றால் மூன்று மணி நேரம். உருகிய மெழுகு ஏறக்குறைய ஓரத்தைத் தொட்டு, ஒரு செ.மீ. ஆழம் வரை இருந்தால் அதுவே சரியான திரி.

முதல் நாளோடு நிறுத்திவிடாதீர்கள். மெழுகு குறையக் குறைய ஜாடிக்குள் சூடு கூடும். அடியில் ஒரு செ.மீ. மெழுகு மிஞ்சும்வரை, பல தடவையாக எரித்துப் பாருங்கள்.

சோதனைக்குச் செலவாவது மூன்று ஜாடிகள்தான். வாங்கியவர் வீட்டு மேஜையில் ஒரு ஜாடி வெடித்தால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை!