உஷ்! உள்ளே ஒத்திகை நடக்கிறது

செருப்பை வாசலிலேயே விடுங்கள். கொலுசு போட்டிருந்தால் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மடிப்பாக்கம், இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. மணி எட்டேகால். இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கே ஒரு திறப்பு விழா! அறைக் கதவின் குறுக்கே ரிப்பன் கட்டியாயிற்று (பழைய பாவாடையின் ஜரிகைக் கரைதான்). வெட்டுவதற்கு யுகேஜி கத்தரிக்கோல் தயார். அதனால் வெட்ட முடியாது, கடிக்கத்தான் முடியும் என்பது எனக்குத் தெரியும். சிறப்பு விருந்தினர் சித்தியாகிய நான்.

என் அக்காவின் பிள்ளைகள் இருவரும் இன்று முதல் தனி அறையில் படுக்கப்போகிறார்கள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. நேற்று வரை நான்கு பேருக்கும் ஆறுக்கு ஆறரை அடியில் ஒரே கட்டில். அதில் சின்னவன் குறுக்கே படுப்பான். அவன் தலை பெரியவளின் விலாவில், கால் அத்தானின் கழுத்தில். அத்தானுக்கு மிஞ்சியது ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் அகலம். போன மாதம் ஒரு நாள் விடியற்காலை ‘தொம்’மென்று சத்தம் கேட்டு எல்லோரும் எழுந்து பார்த்தால், அத்தான் தரையில். அன்று எடுத்த முடிவு இது.

திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் எங்கள் அம்மா, பிள்ளைகளுக்கு ஆச்சி, இந்த ஏற்பாட்டையெல்லாம் ஒரு சினிமா படப்பிடிப்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “நாங்க எட்டுப் பேரும் ஒரே பட்டாசாலையில வரிசையா படுத்துக் கிடந்தோம். எவளும் திறப்பு விழா வைக்கல” என்றாள். நியாயம்தான். உடன்பிறந்தவர்கள் ஓர் அறையில் படுப்பது நம் ஊரில் செய்தியே இல்லை. பெரியவர்கள் யாரும் இல்லாமல், கதவுக்கு அந்தப் பக்கம், இருவர் மட்டும் படுப்பதுதான் செய்தி.

சரி, மேடைக்குப் பின்னால் போவோம். முதல் ரகசியம்: நீங்கள் பார்க்கப்போகும் கட்டில் முதலில் நினைத்த கட்டில் இல்லை. என் அக்காவின் கனவு அடுக்குக் கட்டில். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவே ஏணி. போனில் நாற்பது படம் சேர்த்துவைத்திருந்தாள். அளவெடுக்க வந்த ஆசாரி டேப்பை நீட்டினார், மேலே பார்த்தார், சிரித்தார். தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கும் குறைந்தபட்ச அறை உயரம் 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி. இந்த வீட்டில் தாராள மனதுடன் ஒன்பதரை வைத்திருக்கிறார்கள். மின்விசிறியின் இறக்கை எட்டரை அடியில் சுற்றுகிறது. மேல் கட்டிலின் மெத்தை ஐந்தேகால் அடியில் வரும். அதன்மேல் நான்கடிக்குக் கொஞ்சம் கூடுதலான பெரியவள் எழுந்து நின்றால்? “கூட்டிப் பாருங்கம்மா” என்று டேப்பைச் சுருட்டினார் ஆசாரி. அக்கா கூட்டவில்லை. நாற்பது படத்தையும் அழித்தாள். சின்னவனை மேலே ஏற்றும் பேச்சு தொடக்கத்திலிருந்தே கிடையாது. ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை மேல் அடுக்கில் படுக்கவைக்கக் கூடாதென்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே சொல்கிறது. வெளிநாட்டுப் படங்களில் அந்தக் கட்டில் அழகாக இருப்பதற்கு ஒரு காரணம், அவற்றில் உத்தரத்தில் விசிறி தொங்குவதில்லை.

ஆகவே வந்தது இழுப்புக் கட்டில். மூன்றடிக்கு ஆறடியில் ஒன்று. அதன் வயிற்றுக்குள் சக்கரம் வைத்த இன்னொன்று. பகலில் உள்ளே தள்ளிவிடலாம், பத்துக்குப் பத்து அறையில் விளையாட இடம் கிடைக்கும். உயரமான கட்டிலுக்குத்தான் அடிதடி நடக்குமென்று பெரியவர்கள் நாங்கள் தீர்மானித்து, சமாதானத்துக்கு ஆளுக்கொரு சாக்லேட்டும் வாங்கிவைத்திருந்தோம். நடந்தது வேறு. சக்கரத்தைப் பார்த்த நொடியில் மேல் கட்டிலுக்கு ஆளே இல்லாமல் போய்விட்டது! கடைசியில் பூவா தலையா போட்டு, கீழ்க் கட்டில் சின்னவனுக்கு.

சுவர் நிறத்துக்கு நடந்த பேச்சுவார்த்தையை நான் எழுதினால் தொடர்கதையாகிவிடும். முடிவை மட்டும் சொல்கிறேன்: ஒரு சுவர் மஞ்சள், ஜேசிபி நிறம். மற்ற மூன்றும் வெள்ளை. இளஞ்சிவப்பு என்ற சொல்லை உச்சரித்த அத்தானைப் பெரியவள் ஒரு பார்வை பார்த்தாள்.

உத்தரத்தைப் பாருங்கள். விளக்கை அணைத்தால் பச்சையாக மின்னும் நட்சத்திரங்கள். கடையில் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்றுதான் கேட்டோம், தயங்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். அதில் துளி ரேடியம் கிடையாது. இந்தக் காலத்து ஒட்டிகளில் இருப்பது பெரும்பாலும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட். பகல் வெளிச்சத்தைக் குடித்துவிட்டு இருட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். நம் வாயில் ரேடியம் ரேடியமாகவே தங்கிவிட்டது. ஜீரோ வாட்ஸ் பல்பு என்ற பெயரும் அப்படித்தான். பழைய குண்டு பல்பு பத்துப் பதினைந்து வாட்ஸ் தின்றுவிட்டு அந்தப் பெயரில் உலவியது. இங்கே மாட்டியிருப்பது எல்இடி, அரை வாட்ஸ்.

இனி வருவதுதான் முக்கிய ஆவணம். லாங் சைஸ் நோட்டில் பெரியவள் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, பீரோவின் உள்பக்கம் ஒட்டப்பட்ட ஒப்பந்தம். நான் திருட்டுத்தனமாகப் படித்தது: மின்விசிறி மூன்றில்தான் ஓடும். என் பென்சில் பாக்ஸைத் தொட்டால் ஒரு நாள் பேச மாட்டேன். விளக்கை அணைத்த பிறகு கட்டிலை ஓட்டக் கூடாது. குசு விட்டால் சொல்லிவிட வேண்டும். கடைசி விதியின் பக்கத்தில் சின்னவன் தன் பெயரை இரண்டு முறை எழுதியிருக்கிறான்.

பெரியவர்கள் பங்குக்குச் செய்த ஒரே புத்திசாலித்தனம் நேரம். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரமும், ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இருவரையும் ஒரே நேரத்தில் படுக்கவைத்தால் இரண்டு பேரும் தூங்க மாட்டார்கள். எனவே சின்னவன் எட்டரைக்கு, பெரியவள் ஒன்பதுக்கு. அந்த அரை மணி நேரம் அவளுக்குச் சொத்து எழுதிக் கொடுத்தது போல. காலை நீட்டிப் போட்டுக்கொண்டு கதைப் புத்தகம் படிப்பாள், தம்பியின் காது கேட்கும்படி பக்கம் புரட்டுவாள்.

ரிப்பன் கடிக்கப்பட்டது. கை தட்டினோம். ஆச்சி பத்தமடைப் பாய் ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு கட்டிலுக்கும் முன்னால் விரித்தாள். “உருண்டு விழுந்தா இதுல விழட்டும்” என்றாள். அன்றைய மொத்த ஏற்பாட்டிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஒன்பது பத்து. விளக்குகள் அணைந்தன. கூடத்து இருட்டில் நான், அக்கா, அத்தான், ஆச்சி. என் கையில் முறுக்குத் தட்டு. கடித்தால் சத்தம் வரும் என்பதால் ஒரு முறுக்கை வாயில் ஊறவைத்துக்கொண்டிருக்கிறேன். கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது.

“அக்கா.”

“ம்.”

“தூங்கிட்டியா?”

“தூங்கிட்டேன்.”

“அப்புறம் எப்படிப் பேசுற?”

“தூக்கத்துல பேசுறேன்.”

நீண்ட அமைதி. அத்தான் கட்டை விரலை உயர்த்தினார். அவசரப்பட்டுவிட்டார்.

“அக்கா, பல்லி நம்மளப் பாக்குது.”

“அதுக்கு இமையே கிடையாதுடா. கண்ண மூடவே தெரியாது. ராத்திரி பூரா பாத்துக்கிட்டேதான் இருக்கும்.”

செத்தோம் என்று அக்கா என் கையைப் பிடித்தாள். விலங்கியல் சரிதான், நேரம்தான் சரியில்லை. இதோ ஓடி வரப்போகிறான் என்று நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

“அப்ப திருடன் வந்தா அது பாத்துரும்ல?”

“...பாத்துரும்.”

“அப்ப அது வாட்ச்மேன்.”

“சரி, வாட்ச்மேன். தூங்கு.”

அடுத்து கேட்டது ஒரு கரகர சத்தம். சக்கரம்! ஒப்பந்தம் கையெழுத்தாகி முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. “வேளச்சேரி, சைதாப்பேட்டை, பாரிமுனை... உள்ள போ, உள்ள போ” என்று சின்னவன் கிசுகிசுப்பாகக் கத்த, வாயாலேயே விசில் ஊதுகிறாள் விதியை எழுதியவள். மேல் கட்டிலிலிருந்து யாரோ பஸ்ஸில் ஏறும் ‘பொத்’ சத்தம். எழுந்த அக்காவின் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள் ஆச்சி. பஸ் சைதாப்பேட்டையில் நின்றது. பிறகு சத்தமில்லை. பத்து மணிக்கு எட்டிப் பார்த்தால் கண்டக்டரும் பயணியும் மூன்றடிக்குள் ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டுத் தூக்கம்.

அன்று இரவு சின்னவன் ஒரு முறைகூட எழவில்லை. அக்காதான் பதினொன்றரைக்கு ஒரு தரம், ஒன்றேகாலுக்கு ஒரு தரம், மூன்றுக்கு ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆறடி அகலக் கட்டில் முழுதும் தன் வசம் வந்தும், பழக்க தோஷத்தில் அத்தான் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாராம்.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. இருவரும் கீழ்க் கட்டிலில்தான் படுக்கிறார்கள். மேல் கட்டிலில் கொடியிலிருந்து எடுத்த துணி மடிக்காமல் கிடக்கிறது.