முதல் காமிரா



புகைப்படக்கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. சென்னையில் புகைப்படச் சங்கம் 1850களிலேயே தோன்றிவிட்டது. லின்னியஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி 1858இல் தஞ்சைக்கும் மதுரைக்கும் கனத்த பெட்டிக் காமிராவைக் கொண்டுசென்று கோயில்களைப் படமெடுத்தார். அவர் பட்ட பாடு இன்று நமக்கு இல்லை. எடுத்த படத்தை அக்கணமே காண்கிறோம். ஆனால் எந்தக் காமிராவை வாங்குவது என்ற திகைப்பு மட்டும் நம்மைச் சூழ்ந்துள்ளது.

டி.எஸ்.எல்.ஆர். என வழங்கும் காமிராவின் அமைப்பை முதலில் அறிவோம். லென்ஸ் வழியே வரும் ஒளியை, சாய்ந்து நிற்கும் கண்ணாடி ஒன்று மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டுகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி எழுந்து வழிவிடுகிறது, திரை விலகுகிறது, ஒளி பின்னாலுள்ள உணர்வியின்மீது பட்டுப் படமாகப் பதிகிறது. லென்ஸைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு.

விளம்பரங்கள் மெகாபிக்சல் எண்ணிக்கையையே பெரிதாகப் பேசும். கணக்கிட்டுப் பாருங்கள். 12 மெகாபிக்சல் படத்தில் அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகள் இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 13 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உள்ள தெளிவான படம் கிடைக்கும். பள்ளிக் கண்காட்சிக்கு இது போதாதா?

அவ்வாறாயின் பணத்தை எதில் செலவிடுவது? விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றுக்குள் செல்வோம். வெளிச்சம் குறைவு, பொம்மைக்கு வண்ணம் தீட்டும் விரல்களோ ஓயாமல் அசைகின்றன. காமிராவோடு சேர்த்து விற்கும் 18–55 மி.மீ. லென்ஸை 55 மி.மீட்டரில் வைத்தால் அதன் துளை எஃப் 5.6க்கு மேல் திறவாது. 50 மி.மீ. லென்ஸ் ஒன்று எஃப் 1.8 வரை திறக்கும். எண் சிறுத்தால் துளை பெருக்கும் என்பதை மறவாதீர்கள். இரண்டாவது லென்ஸ் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தேவையென்றால், பின்னதற்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே போதும். முன்னதில் விரல் மங்கிய கோடாகும். பின்னதில் விரலாகவே நிற்கும். பழமலைநாதர் கோயில் மண்டபத்தின் அரையிருளுக்கும் இதுவே பொருந்தும். தொலைவில் அமரும் பறவையைப் படமெடுக்க விரும்புவோருக்கு மட்டும் 200 மி.மீட்டருக்கு மேற்பட்ட நீண்ட லென்ஸ் வேண்டும்.

ஆகவே, எதைப் படமெடுக்க விரும்புகிறோம் என்பதை முதலில் தாளில் எழுதுங்கள். அதற்கேற்ற லென்ஸைத் தேர்ந்து, எஞ்சிய பணத்துக்குள் காமிராவைத் தேடுங்கள். கேனான், நிக்கான் நிறுவனங்கள் தம் புதுமுயற்சிகளைக் கண்ணாடியற்ற காமிராக்களின்பால் திருப்பிவிட்டன. அதனால் பிறர் பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். காமிரா குறைந்த விலைக்குக் கிடைக்கக்கூடும். அதை வாங்குமுன் திரை எத்தனை முறை இயங்கியுள்ளது என்று கேளுங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே நூல்போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று நோக்குங்கள். வாங்கியபின் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

சூளையின் அனலில் நின்று பெற்றோர் ஈட்டிய பணம் எளிதில் வந்ததன்று. அதை விளம்பரத்தின் ஆரவாரத்துக்குப் பறிகொடாமல், உங்கள் தேவையறிந்து செலவிடுவதே அவர்கள் உழைப்புக்கு நீங்கள் காட்டும் மதிப்பாகும்.