சட்டி எண்ணெய்க்கு ஐரோப்பா வைத்த விலை

2025 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பெரிய விமான நிலையங்களுக்கு எரிபொருள் கொடுக்கும் நிறுவனங்கள் அதில் 2 சதவீதமாவது மாற்று எரிபொருளைக் கலந்தாக வேண்டும். 2030ல் 6 சதவீதம், 2050ல் 70 சதவீதம். மக்காச்சோளம், கரும்பு, பாமாயில் என்று உணவுப் பயிரிலிருந்து எடுத்தால் கணக்கில் வராது. கழிவிலிருந்து எடுத்தால் வரும். அந்தக் கழிவுகளில் இன்றைக்கு அதிகம் கைகொடுப்பது பொரித்து முடித்த சமையல் எண்ணெய். பிரஸ்ஸல்ஸில் எழுதிய இந்த விதிக்கும் சென்னையை ஒட்டிய திருவேற்காட்டின் பஜ்ஜிக் கடைக்கும் சம்பந்தம் உண்டு.

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை கருமாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். வரிசையில் நின்று, தரிசனம் முடித்து வெளியே வந்தால் பசி வந்துவிடும். சாலையோரச் சட்டியில் மிளகாய் பஜ்ஜி மிதந்துகொண்டிருக்கும். அந்த எண்ணெய் 170, 180 டிகிரியில் மணிக்கணக்காகக் காய்கிறது. மாவிலுள்ள ஈரம் கொழுப்பு மூலக்கூறைப் பிளந்து அமிலத்தைப் பிரித்துவிடுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் தன் பங்குக்கு அதைச் சிதைக்கிறது. சிதைந்த துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, எண்ணெய் கெட்டிப்பட்டுக் கறுக்கிறது. கரண்டியை எடுத்த பிறகும் நுரை அடங்காமல் நின்றால் அந்த எண்ணெயின் ஆயுள் முடிந்துவிட்டது என்பது அனுபவப்பட்ட சமையல்காரரின் கணக்கு.

அதே கணக்கை அரசு ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. இப்படிச் சிதையும்போது எண்ணெயில் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இது விதி. அளப்பதும் சுலபம். கையடக்கமான கருவியின் கம்பி நுனியைச் சூடான எண்ணெயில் முக்கினால் சில விநாடிகளில் திரையில் சதவீதம் வந்துவிடும்.

தாண்டிய எண்ணெயை என்ன செய்வது? பெரிய இடங்களில் கழித்த எண்ணெயைச் சின்னக் கடைகள் மலிவாக வாங்கி மறுபடி காய்ச்சுவது பழைய நடைமுறை. மிச்சம் சாக்கடைக்குப் போகும். திருவேற்காட்டை ஒட்டி ஓடுவது கூவம் என்பதால், அந்தச் சாக்கடை எங்கே முடியும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு வழிகளையும் அடைக்க, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்ட்டில் ‘ரூக்கோ’ திட்டத்தைத் தொடங்கியது. பழைய எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்கள் வாங்கி பயோடீசல் ஆலைக்குக் கொடுக்க வேண்டும். பொரிக்க நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் இடங்கள், பழையதை எங்கே தள்ளினோம் என்று கணக்கு எழுத வேண்டும் என்ற உத்தரவு 2019 மார்ச் 1ல் அமலானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10ல், இந்த எண்ணெயில் செய்த பயோடீசலை முதல் ஆண்டில் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக எண்ணெய் நிறுவனங்கள் அறிவித்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டை கேன்டீன்கள், பூந்தமல்லி நெடுஞ்சாலையோரக் கல்லூரி விடுதி மெஸ்கள், திருமண மண்டபச் சமையல்கூடங்கள் எல்லாம் இருக்கும் இந்த மேற்குப் புறநகர் அந்த வகையில் ஒரு சின்ன எண்ணெய் வயல்தான்.

எண்ணெயை டீசலாக்கும் வேதியியல் எளிமையானது. கொழுப்பு மூலக்கூறில் ஒரு கிளிசரின் முதுகெலும்பும் மூன்று நீண்ட வால்களும் உண்டு. மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் வால்கள் கழன்று மெத்தனாலோடு சேர்கின்றன. அதுவே பயோடீசல். 100 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 10 கிலோ கிளிசரின் அடியில் தங்கும். சிக்கல், மேலே சொன்ன அமிலத்தில் இருக்கிறது. பழைய எண்ணெயில் அமிலம் அதிகம், அது காரத்தோடு சேர்ந்தால் சோப்பாகிவிடும். அதனால் முதலில் அமிலத்தைத் தணிக்க ஒரு தனிக் கட்டம் தேவைப்படும். டென்மார்க்கின் நோவோசைம்ஸ் நிறுவனம் 2014ல் இதற்கென்றே ஒரு நொதியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் குடலில் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் வகையைச் சேர்ந்தது. எண்ணெய் எவ்வளவு கெட்டிருந்தாலும் கொழுப்பையும் அமிலத்தையும் ஒரே தொட்டியில் அது பயோடீசலாக்கும்.

ஐரோப்பா இந்த அழுக்கு எண்ணெயிடம் வந்துசேர்ந்தது சுற்றுவழியில். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. அதன் பிறகு ஒரு நூற்றாண்டு பெட்ரோலியத்துக்குப் போய்விட்டது. 2003ல் ஐரோப்பிய ஒன்றியம் போக்குவரத்து எரிபொருளில் 5.75 சதவீதம் 2010க்குள் உயிரி மூலங்களிலிருந்து வர வேண்டும் என்றது. 2009ல், 2020க்குள் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் 10 சதவீதம் என்று இலக்கை உயர்த்தியது. வயல்களில் ரேப்சீட் மஞ்சளாகப் பூத்தது. போதாத குறைக்கு இந்தோனேசியா, மலேசியப் பாமாயில் கப்பலேறியது. காட்டை அழித்து எண்ணெய்ப் பனை நட்டால் மண்ணிலும் மரத்திலும் இருந்த கார்பன் எங்கே போகும் என்ற கேள்வி பின்னால்தான் எழுந்தது. ஐரோப்பிய ஆணையமே செய்வித்த ஓர் ஆய்வின் கணக்கில், பாமாயில் பயோடீசலுக்காக நிலம் மாறுவதால் மட்டும் ஒரு மெகாஜூலுக்கு 231 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சாதாரண டீசலுக்கு அங்கே ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மொத்த அளவே 94 கிராம்தான். 2015ல் பயிர் எரிபொருளுக்கு 7 சதவீத உச்சவரம்பு வந்தது. காடழிவு ஆபத்து அதிகமுள்ள பயிர்களின் எரிபொருளை 2030க்குள் கணக்கிலிருந்தே நீக்க 2018 சட்டம் வழிசெய்தது.

அவர்கள் காகிதத்தில் கற்ற பாடத்தைத் தமிழ்நாட்டு உழவர்கள் நிலத்தில் கற்றார்கள். 2003ல் மத்திய திட்டக்குழு பயோடீசலுக்காகக் காட்டாமணக்கைக் கையில் எடுத்தது. ஆடு மாடு கடிக்காது, தரிசில் வளரும், தண்ணீர் கேட்காது என்றார்கள். 1.34 கோடி ஹெக்டேரில் நடலாம் என்று கணக்குப் போட்டார்கள். தமிழ்நாட்டில் மானியமும் வங்கிக் கடனும் வந்தன. பிரிட்டனின் டி1 ஆயில்ஸும் சென்னையின் மோகன் புரூவரிஸும் கூட்டாக டி1 மோகன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி ஒப்பந்தச் சாகுபடியில் இறங்கின. செடி பிழைத்தது, காய்தான் வரவில்லை. தண்ணீர் இல்லாமல் உயிரோடிருக்கும் செடி, தண்ணீர் இல்லாமல் மகசூலும் கொடுக்கும் என்று யாரோ நினைத்துவிட்டார்கள். பார்சலோனாவிலிருந்து வந்த பெரே அரிசா மொன்டோபியோவும் பெங்களூரின் சரச்சந்திர லேலேயும் தமிழ்நாட்டு வயல்களில் ஆராய்ந்து 2010ல் வெளியிட்ட கட்டுரை, மகசூல் எதிர்பார்த்ததைவிட வெகு குறைவு, சாகுபடி கட்டுப்படியாகாது என்று பட்டவர்த்தனமாகச் சொன்னது. கிணறுள்ள உழவர் தாக்குப்பிடிக்கலாம். மானாவாரிக்காரர் மாட்டிக்கொண்டார். டி1 ஆயில்ஸோடு கைகோத்திருந்த பி.பி. நிறுவனம் 2009லேயே விலகிவிட்டது. அடியாருக்குச் சோறு போடச் சூதாடிய மூர்க்க நாயனார் பிறந்தது திருவேற்காடு. அவர் தன் கைப்பொருளை வைத்து ஆடினார். காட்டாமணக்கில் பணயம் வைத்தது உழவர் நிலத்தை.

அந்தச் சூடு முழுதாக உறைத்ததாகத் தெரியவில்லை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் ஓட்டத்தில் மக்காச்சோளம் ஆலைக்குத் திரும்ப, நாமக்கல் கோழிப்பண்ணைகள் தீவன விலை ஏறுகிறதே என்று புலம்பின. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024ல் நிகர இறக்குமதி நாடானது.

கழிவின் பக்கம் நமக்குச் சொந்த அனுபவம் உண்டு, அதுவும் பக்கத்திலேயே. திருவேற்காட்டிலிருந்து பஸ் ஏறினால் வரும் கோயம்பேடு சந்தையில், நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவை எரிவாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் 2005ல் வந்தது. தொட்டியின் தொழில்நுட்பம் ஆஸ்திரியாவின் என்டெக் நிறுவனத்துடையது, வழிகாட்டியது அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம். அந்தத் தொட்டிக்குள் கலக்கி கிடையாது. மேலறை, கீழறை என்று இரண்டு. கீழே சேரும் வாயுவின் அழுத்தம் கரைசலை மேலறைக்குத் தள்ளும். வால்வைத் திறந்ததும் அது மடமடவென்று கீழே விழுந்து தானே கலக்கிவிடும். கீரையும் கோசும் சீக்கிரம் புளித்து, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளைத் திணறடிக்கும் என்பதால் இந்தக் கலக்கல் முக்கியம்.

காய்கறிக் கழிவில் யாரும் ஏமாற்ற முடியாது. அழுகிய கோசை அழுகாத கோசில் செய்து விற்பவர் இல்லை. எண்ணெய்க் கதை வேறு. ஐரோப்பிய விதிப்படி பழைய எண்ணெயில் செய்த எரிபொருள் இலக்கில் இரட்டிப்பாகக் கணக்கானது. அதனால் விலை ஏறியது. சீனாவிலிருந்து வந்து குவிந்த சரக்கில், பழையது என்ற பெயரில் புதுப் பாமாயிலே இருக்கலாம் என்ற சந்தேகம் கிளம்பியது. சீன பயோடீசல் நியாய விலைக்கும் கீழே விற்கப்படுகிறது என்று 2024 ஆகஸ்ட்டில் தற்காலிகமாகவும் 2025 பிப்ரவரியில் இறுதியாகவும் ஐரோப்பிய ஒன்றியம் தனி வரி போட்டது.

இப்போது நாமும் அதே சங்கிலியில் ஒரு கண்ணி. இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை, பழைய சமையல் எண்ணெயில் விமான எரிபொருள் தயாரிப்பதற்கான சான்றிதழை 2025 ஆகஸ்ட்டில் பெற்றது. சான்றளிப்பு முறை ஜெர்மனியின் கொலோன் நகரைச் சேர்ந்த ஐ.எஸ்.சி.சி.யுடையது. அந்த முறையில் முதல் ஆவணம், எண்ணெயைக் கழிக்கும் ஓட்டல் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழிதான்.

இங்கே விலை ஏறுவதில் எனக்கு மகிழ்ச்சியே. பழைய எண்ணெய்க்கு ஆலை அதிகம் கொடுத்தால், அதை வாங்கி மறுபடி பஜ்ஜி போடுவது சின்னக் கடைக்குக் கட்டுப்படியாகாது. எந்தச் சோதனையும் சாதிக்காததை அது சாதிக்கும். 50 லிட்டர் வரம்புக்குக் கீழே இருக்கும் கடைகளிடமும் சேகரிப்பு வண்டி போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஏற்றத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. நாம் சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரும்பங்கு பாமாயில். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் பாமாயில் பாக்கெட் லிட்டர் 25 ரூபாய். பழையதுக்கு அதைவிடக் கூடுதல் விலை கிடைத்தால், பாக்கெட்டை உடைத்து ஒரே ஒரு ஈடு அப்பளம் பொரித்துவிட்டு டின்னில் ஊற்றுவதே வியாபாரமாகிவிடும். கம்பி நுனிக் கருவி அந்த டின்னை உடனே காட்டிக்கொடுக்கும், 25 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் திரையில் அதைவிட வெகு குறைவாகவே வரும். சமையலுக்கு ஆகாத எண்ணெயைப் பிடிக்க வாங்கிய கருவியை, சேகரிப்பு வண்டியிலும் ஒன்று வைத்தால் போதும். இப்போது விதி எதுவும் அதைக் கேட்கவில்லை.