சமையலறைக் குழாயும் தோட்டத்து ஹோஸும்

மலையகத்து லயங்களில் நெடுங்காலமாக நீர் என்றால் பீலி என்பதே பொருள். மலையூற்றிலிருந்து இறங்கி இடையறாது கொட்டும் அப்பீலியிலேதான் குடிநீர் எடுப்பதும் குளிப்பதும் துணி வெளுப்பதும் நிகழ்ந்தன. பல தோட்டங்களில் இன்றும் அவ்வாறே நிகழ்கின்றன. திருகினால் வரும், திருகினால் நிற்கும் குழாய் சமையலறைக்குள்ளேயே அமைவது பிற்காலத்துப் பேறு. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் 4,000 வீடுகள் மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு 7 பேர்ச்சஸ் நிலமும் உரியதாயிற்று. ஏறத்தாழ 1,900 சதுர அடியாகும் அந்நிலத்தில், வீடு போக எஞ்சிய இடத்திலே லீக்ஸும் கோவாவும் கரட்டும் தழைக்கின்றன. தை, மாசி மாதங்களில் மழை ஓய்ந்ததும் பாத்திகள் நீருக்கு ஏங்குகின்றன. முற்றத்திலோ குழாய் இல்லை. ஆகவே சமையலறைக் குழாயில் ஹோஸை மாட்டிச் சன்னல் வழியாக வெளியே விடுகின்றனர்.

நேயர்களே, இந்த இணைப்புக்குக் கடமைகள் இரண்டு உண்டு. உள்ளிருந்து செல்லும் நீர் இடையிலே பீறிடக் கூடாது. வெளியே சென்ற நீர் உள்ளே திரும்பவும் கூடாது. முன்னதை எல்லோரும் கவனிக்கின்றனர், சமையலறை நனைகிறது அல்லவா! பின்னதைக் கவனிப்போர் அரியர்.

முதலில் முன்னதைப் பார்ப்போம். நம் மலைகளில் நீர்த்தாங்கி வீடுகளுக்கு மேலே, சரிவிலே இருக்கும். குழாய்க்கு 100 அடி உயரத்தில் தாங்கி இருப்பின், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 43 இறாத்தல் அழுத்தம் உண்டாகும். அரை அங்குல ஹோஸின் முனையை மூடிவிட்டால், இணைப்பிலிருந்து அதைப் பிடுங்கித் தள்ளும் விசை 8 இறாத்தலுக்கும் அதிகம். இரவில் அயலார் நீர் எடுக்காத வேளையில் அழுத்தம் முழுமையாக ஏறி நிற்கும். மாலையில் உறுதியாகத் தோன்றிய முடிச்சு நள்ளிரவில் கழன்று வீடு நனைவதன் காரணம் இதுவே.

சைக்கிள் டியூப்பைக் கீற்றாக வெட்டிச் சுற்றுவதும் கட்டுக்கம்பியால் இறுக்குவதும் நம்மவர் வழக்கம். டியூப் ஒரு வேளைக்கு உதவும். கம்பியோ ஓரிடத்தில் ஹோஸை வெட்டி, மற்றோரிடத்தில் தளர்ந்து நிற்கும். இதற்கென்றே அமைந்தது திருகாணியுடன் கூடிய உலோகக் கிளிப். பிரித்தானியக் கடற்படை அதிகாரியான லம்லி ராபின்சன் 1921ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். வட்டம் முழுவதும் ஒரே அளவாக இறுக்குவதே அதன் சிறப்பு. ஹோஸின் முனையைச் சற்று வெந்நீரில் தோய்த்து இளக்கிக்கொண்டு, இணைப்புத் துண்டின் வரம்புகளைக் கடந்து உள்ளே செல்லுமாறு தள்ள வேண்டும். எண்ணெய் பூசலாகாது, எளிதில் ஏறியது எளிதில் வழுகும். முனையிலிருந்து கால் அங்குலம் விட்டு, வரம்புக்கு அப்பால் கிளிப் அமைய வேண்டும். ஹோஸ் இலேசாகப் புடைத்ததும் திருப்புளியை நிறுத்திவிடலாம்.

மறுபக்கம் குழாயின் வாய். அது வழுவழுப்பாக இருந்தால், இறப்பர் வளையமும் கிளிப்பும் உள்ள பொது இணைப்பே பொருந்தும். நுனியில் சல்லடை உள்ள குழாயாயின், சல்லடையைக் கழற்றினால் புரிகள் தென்படும். அவை பெரும்பாலும் 22 அல்லது 24 மில்லிமீட்டர் அளவின. கழற்றிய சல்லடையைக் கடைக்குக் கொண்டுசென்று ஒப்பிட்டு வாங்குவது நன்று. அளவை வாயாற் சொல்லி வாங்கிய பொருள் பெரும்பாலும் வீட்டுக்கு வந்து பல்லிளிக்கும்! தட்டையான வொஷர் உள்ள இடத்தில் நீரைத் தடுப்பது வொஷரே. அங்கே வெள்ளை நாடாவைச் சுற்றுவது வீண். ஹோஸின் பாரம் குழாயின் கழுத்தை இழுக்காதபடி, அதைச் சன்னற் கம்பியில் ஒரு கயிற்றால் கட்டிவிடுக.

இனி இரண்டாவது கடமை. தாங்கியைக் கழுவுவதற்காக மேலே வால்வை மூடுகிறார்கள் என்று கொள்வோம். சரிவின் கீழேயுள்ள வீட்டில் ஒருவர் குழாயைத் திறக்கிறார். குழாய்த் தொடரில் எஞ்சிய நீர் கீழே ஓடி, மேலே வெறுமையை விட்டுச் செல்கிறது. அவ்வேளையில் மேல்வீட்டுக் குழாய் திறந்திருந்து, அதன் ஹோஸ் முனை பூச்சிகொல்லி கரைத்த வாளிக்குள் அமிழ்ந்திருந்தால் என்ன ஆகும்? வெளிக்காற்றின் அழுத்தம் அக்கரைசலை ஹோஸ் வழியே குடிநீருக்குள் தள்ளிவிடும். வாளி தாழ்வாக இருக்கிறதே, நீர் மேலேறுமா என்று வினவலாம். வளிமண்டல அழுத்தம் நீரை 30 அடிக்கு மேலும் ஏற்ற வல்லது. சமையலறைத் தொட்டியின் உயரம் அதற்கு ஒரு பொருட்டன்று. மருந்து கரைத்தவர் ஒரு வீட்டார். அருந்துவோர் அதே நிரையில் உள்ள எல்லா வீட்டாரும்.

இது வெறும் அச்சமன்று. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரு விடுதிகளில் கழிவுநீர் குடிநீரோடு கலந்ததால் அமீபா வயிற்றுக்கடுப்புப் பரவியது. நோயுற்றோர் 1,400 பேர். மாண்டோர் 98 பேர். பிழையான குழாய் இணைப்புகளே அங்கு காரணமாயின. முறையாகக் கட்டப்பட்ட பெருநகர விடுதிகளிலேயே இவ்வாறு நேர்ந்ததெனில், அடிக்கடி நீர் நின்று வரும் நம் மலைச்சரிவுகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

தடுக்கும் வழி செலவற்றது. ஹோஸின் முனையை வாளியின் நீருக்குள் விடாதீர்கள். விளிம்புக்கு மேலே இரண்டு அங்குலம் உயர்த்திப் பிடியுங்கள். அந்தக் காற்று இடைவெளியைத் தாண்டி எந்த நீரும் திரும்பாது. கடைகளில் 'நொன் ரிட்டர்ன் வால்வு' எனப்படும் ஒருவழி அடைப்பையும் பொருத்தலாம். ஆயினும் அதனுள் ஒரு மணல் சிக்கினாலும் அது முழுவதும் மூடாது. ஆதலால் நான் அதை இரண்டாவது காவலாக மட்டுமே கொள்வேன். மருந்து தெளிக்கும் கருவியை ஹோஸின் முனையில் நேரே மாட்டுவது எக்காலத்தும் ஆகாது. மருந்துக்கான வாளியும் தனியாக இருக்கட்டும்.

நீர் பாய்ச்சி முடிந்ததும் முதலில் குழாயை மூடி, பின்பு ஹோஸின் முனையைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, அதன் பின்னரே இணைப்பைக் கழற்ற வேண்டும். ஹோஸை வடியவிட்டு நிழலில் சுருட்டி வைத்து, சல்லடையை மீண்டும் பூட்டி, குடிப்பதற்கு முன் ஒரு செம்பு நீரைத் தொட்டியில் ஓடவிடுங்கள்.