கொலைக் கணக்கும் கூலிக் கணக்கும்

2019-இல் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்கள் இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் பதிந்த வழக்குகள் 1,68,116. மறு ஆண்டு 8,91,700. ஒரே ஆண்டில் ஐந்து மடங்குக்கு மேல். கூடியதில் பெரும்பகுதி, ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள் மேல் போட்ட 188-ஆம் பிரிவு வழக்குகள். அதே ஓராண்டில் கொலைகள் 1,745-இலிருந்து 1,661ஆகக் குறைந்தன.

ஆகவே மொத்த வழக்கு எண்ணிக்கையை வைத்து ஊரின் அமைதியை அளக்க முடியாது. தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர்ப் பக்கம் கஞ்சா வழக்கு கூடினால் கஞ்சா கூடியிருக்கலாம், சோதனை கூடியிருக்கலாம். கொலையை அப்படிக் கூட்டிக் குறைக்க முடியாது. பிணம் கிடக்கும், பிரேதப் பரிசோதனை நடக்கும், ஊர் பேசும். அதனால் இந்தக் கணக்கு கொலையை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இறங்கிய எண்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 1992-இல் இந்தியாவில் நடந்த கொலைகள் 40,105; லட்சம் பேருக்கு 4.6. 2022-இல் 28,522, லட்சம் பேருக்கு 2.1. முப்பது ஆண்டில் விகிதம் பாதிக்கும் கீழே போயிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் 1,690 கொலைகள், லட்சத்துக்கு 2.2.

2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்ட மக்கள்தொகை 12,45,899. அத்தனை பேருக்கு 1992-இன் தேசிய விகிதத்தைப் போட்டால் ஆண்டுக்கு 57 கொலை வரும். 2022-இன் விகிதத்தைப் போட்டால் 26. இது சராசரியைப் பெருக்கிப் பார்த்ததே தவிர, மாவட்டக் காவல்துறையின் பதிவு அல்ல. ஆனாலும் இறக்கத்தின் அளவு புரிகிறது: தேனி அளவுள்ள ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு 31 உயிர்.

முதல் செலவு: தண்ணீர்

அமைதி வரும் என்று நம்பி இந்த வட்டாரத்தில் செய்த செலவுகளில் முதலாவது முல்லைப் பெரியாறு அணை. அதற்காக 1886-இல் திருவிதாங்கூரோடு எழுதிய குத்தகை: 8,000 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டு வாடகை 40,000. அணைக்கும் சுரங்கத்துக்குமாக 80 லட்ச ரூபாய்க்கு மேல் ஆனது. 1895 அக்டோபரில் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் இன்றும் அதை நம்பித்தான்.

தண்ணீர் வந்தால் கள்ளர் சாதியினர் ஏர் பிடித்து அடங்குவார்கள் என்பதும் அன்றைய ஆங்கில அதிகாரிகளின் எதிர்பார்ப்பு. ஆனால் பிரமலைக் கள்ளர்கள் நிறைந்த உசிலம்பட்டி மேட்டுநிலத்துக்கு அந்தத் தண்ணீர் ஏறவில்லை. 58 கிராமக் கால்வாய்க்கு அவர்கள் இருபத்தோராம் நூற்றாண்டு வரை காத்திருந்தார்கள். அணை திறந்த மறு ஆண்டே, 1896-இல், கூலி வாங்கிக்கொண்டு ஊரைக் காக்கும் கள்ளர் காவல்முறைக்கு எதிராக ஊர் ஊராகப் ‘பண்டு’ வசூலித்து ஒரு இயக்கம் கிளம்பியது. காவல்கூலியும், களவு போனதைத் திரும்பப் பெறத் துப்புக்கூலியும் கொடுத்துச் சலித்தவர்கள் ஒரு பக்கம், காவல் போனால் பிழைப்பு போகும் என்றவர்கள் மறுபக்கம்.

இரண்டாம் செலவு: கைரேகை

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்தது. சென்னை மாகாணத்துக்கு 1911-இல் நீட்டப்பட்டு, 1914 முதல் பிரமலைக் கள்ளர் ஊர்கள் மேல் பாய்ந்தது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் கைரேகைச் சட்டம். பதிவானவர் இரவில் நிலையத்தில் ஆஜராக வேண்டும்; வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. மாயக்காள் உட்பட 16 பேர் இறந்தார்கள். சட்டம் நீங்கியது 1947-இல். தொடக்கத்தில் பதிவாகிக் கடைசிவரை விலக்குக் கிடைக்காத ஒருவருக்கு 33 ஆண்டு, சுமார் 12,000 இரவுகள்.

ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளியாக எழுதிய இந்தச் செலவுக்கு வரவு என்ன? அதே காலத்தில் கூட்டுறவுச் சங்கமும் பள்ளியும் திறந்தார்கள். கைரேகை ஒழிந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் சுமார் 290 கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்னும் மணியடிக்கின்றன. ஊர் எதை வேண்டாம் என்றது, எதை வைத்துக்கொண்டது என்பதே இரண்டுக்குமான தீர்ப்பு.

வெளிநாட்டு விளக்கங்கள்

அமெரிக்காவில் 1991-இல் லட்சத்துக்கு 9.8 ஆக இருந்த கொலை விகிதம் 2014-இல் 4.4 ஆனது. அங்கே பேசப்படும் காரணங்களில் ஒன்று ஈயம். பெட்ரோலில் ஈயத்தை நீக்கினார்கள், அந்தப் புகையைச் சுவாசிக்காத குழந்தைகள் இருபது ஆண்டு கழித்து முரடர்களாகவில்லை என்பது வாதம். இந்தியா முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000-இல். அந்தப் பலன் 2020 வாக்கில்தான் தெரிய வேண்டும். இங்கே இறக்கம் 1992-க்குப் பிறகே தொடங்கிவிட்டது. கணக்கு இடிக்கிறது.

இன்னொன்று, வேண்டாத கர்ப்பத்தைச் சட்டப்படி கலைக்க முடிந்ததால் கவனிப்பாரற்ற பிள்ளைகள் குறைந்தார்கள் என்பது. இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டம் 1971. இருபது ஆண்டு கூட்டினால் 1991. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் 1991-இல் பொருளாதாரமும் மாறியது. இரண்டு தேதி ஒத்துப்போவது மட்டும் சாட்சி ஆகாது.

உள்ளூர் விளக்கம்

2022-இன் 28,522 கொலைகளில் தகராறு காரணமானவை 9,962, பகை 3,761, ஆதாயத்துக்காக 1,884. பணத்துக்காகச் செய்தது நூற்றுக்கு ஏழுகூட இல்லை. வரப்பு, வாய்க்கால் முறை, பங்காளிச் சண்டை, பழைய வெட்டுக்குப் பழி: கொலை பெரும்பாலும் அறிமுகமானவர்களுக்குள் நடக்கிறது. எனவே கேட்க வேண்டியது, தகராறு ஏன் அரிவாள் வரை போகாமல் நிற்கிறது என்பதுதான்.

கூலி ஒரு காரணமாக இருக்கலாம். 2008-இல் நூறு நாள் வேலை நாடெங்கும் வந்தபோது தமிழ்நாட்டுக் கூலி 80 ரூபாய்; 2025-26-இல் 336. நூறு நாளும் கிடைத்தால் 8,000 ரூபாயாக இருந்தது 33,600 ஆனது. விடிகாலையில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலக்காட்டுக்கு ஜீப் ஏறுகிறவர்களுக்குப் பண்ணையாரின் தயவு தேவையில்லை. அவருடைய சண்டைக்கு ஆளாக நிற்கவும் தேவையில்லை. சண்டை கலவரமாகவும் போயிருக்கிறது: 1989-இல் போடியில் சாதிக் கலவரம் வெடித்தது. தென்மாவட்டக் கலவரங்களை ஆராய்ந்த ரத்தினவேல் பாண்டியன் குழுவும் 1998-இல் தொழிலையும் வேலையையும் மருந்தாகச் சொன்னது.

பிள்ளை எண்ணிக்கை இன்னொன்று. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1971-இல் 3.9, 2019-21-இல் 1.8. ஒற்றை ஆண்பிள்ளை உள்ள வீடு பழிக்கு ஆள் அனுப்பத் தயங்கும்.

எதிர்க்கணக்கும் உண்டு. டாஸ்மாக் வருவாய் 2003-04-இல் 3,639 கோடி. 2023-24-இல் 45,855 கோடி. விலையும் வரியும் ஏறியதைக் கழித்தாலும் குடி குறைந்ததாகத் தெரியவில்லை, கொலை அதோடு சேர்ந்து ஏறவுமில்லை. அடுத்தது மருத்துவம். 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது, க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்பு வழியிலேயே உயிர் போயிருக்கக்கூடிய வெட்டு இன்று தையலோடு ‘கொலை முயற்சி’ வழக்காகிறது. எனவே கொலை இறங்கிய அளவுக்கு வெட்டுக்குத்து இறங்கியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த வட்டாரத்தில் அமைதிக்கு ஒற்றைக் காரணம் தேடியவர்கள் இரண்டு முறை தோற்றார்கள்: தண்ணீர் மட்டும் போதும் என்றபோது ஒரு முறை, ரேகை மட்டும் போதும் என்றபோது மறுமுறை. கூலி, பள்ளி, சின்னக் குடும்பம், ஆம்புலன்ஸ் என்று நாலாபக்கச் செலவு சேர்ந்துதான் எண் இறங்கியிருக்கிறது என்பதே நம்பத்தக்க வாசிப்பு. அதைச் சோதிக்கப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை. கொலை, கொலை முயற்சி, கொடுங்காயம் மூன்றையும் காரணத்தோடு நிலையம் வாரியாக மாவட்டக் காவல்துறை ஆண்டுதோறும் வெளியிட்டால் போதும். மூன்றும் சேர்ந்து இறங்கினால் ஊர் மாறியிருக்கிறது. கொலை மட்டும் இறங்கினால் பாராட்டு மருத்துவர்களுக்குப் போக வேண்டும்.